வண்ணாரப்பேட்டையின் ஞாயிறு மாலைகள்



நெல்லை மண்ணில் நின்று பேசுகிறபோது இந்த ஊர்க்காரர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். 1882இல் பிறந்து 1954இல் மறைந்தவர். சட்டம் படித்தார், மேலவை உறுப்பினராக இருந்தார், அறநிலையங்களின் ஆணையராகவும் இருந்தார். அந்தப் பதவிகளுக்காக இன்று யாரும் அவரைத் தேடுவதில்லை. வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பர்கள் கூடிக் கவிதை பேசினார்களே, அதற்காகத் தேடுகிறார்கள்.

வட்டத்தொட்டி என்பது அந்தக் கூட்டத்தின் பெயர். டி.கே.சி. ஒரு பாட்டை எடுப்பார், பெரும்பாலும் கம்பன். நிதானமாகச் சொல்வார், திரும்பவும் சொல்வார். பதவுரை சொல்ல அவசரப்படமாட்டார். பாட்டின் தாளம் முதலில் காதில் விழ வேண்டும், உணர்ச்சி பிடிபட வேண்டும், அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் என்பது அவர் வழி. படிக்காதவனுக்கும் கவி புரியும் என்று உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கைதான் எதிரே இருப்பவருக்குத் துணிச்சல் கொடுத்தது.

அங்கே வந்தவர்களைப் பாருங்கள். மகராஜன் நீதித்துறைக்குப் போய் உயர் நீதிமன்ற நீதிபதியானார். ஹாம்லெட்டையும் லியர் மன்னனையும் தமிழில் தந்தார். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் அரசுப் பணியில் மாவட்ட ஆட்சியர் வரை உயர்ந்தார். ஊர் ஊராகக் கோயில் பார்த்து ‘வேங்கடம் முதல் குமரி வரை’ எழுதினார். அ. சீனிவாசராகவன் ஆங்கிலப் பேராசிரியர். தமிழ்க் கவிதைக்காகச் சாகித்திய அகாதமி விருது பெற்றார். பிழைப்புக்கு ஒரு வேலை, உயிருக்கு ஒரு தமிழ் என்று வாழ்ந்தவர்கள். பொறியியலும் வணிகவியலும் படித்து முடித்திருக்கும் உங்களிடம் இவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது.

டி.கே.சி. சொன்னது எல்லாம் எனக்கு உடன்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். கம்பராமாயணத்தில் தமக்குக் கவியாகப் படாத பாட்டுகளை இடைச்செருகல் என்று ஒதுக்கினார், சொற்களைத் திருத்தவும் செய்தார். புலவர்கள் கொதித்தார்கள். ஏட்டில் இருப்பதைத் தம் ரசனையைக் கொண்டு மாற்றும் உரிமை எவருக்கும் இல்லை என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அந்தப் புலவர்களால் கம்பன் பக்கம் திரும்பியவர்களைவிட அவரால் திரும்பியவர்கள் அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பின்னாளில் குற்றாலத்தில் தங்கினார். ராஜாஜியும் கல்கியும் அவருடைய நெருங்கிய நண்பர்கள். இடைசெவலிலிருந்து கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அவரைத் தேடிப் போனார்கள். அவர்கள் அப்போது பெயர் வாங்காத இளைஞர்கள். யார் வந்தாலும் முதலில் சாப்பாடு, பிறகு கவிதை. வர முடியாதவர்களுக்குக் கடிதம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே எழுதுவார். அந்தக் கடிதங்கள் பிற்பாடு புத்தகமாகவே வந்தன.

அவர் பெரிய காவியம் எதுவும் எழுதிவிடவில்லை. அடுத்தவர் எழுதியதை வாயாரப் பாராட்டினார். நாகர்கோவில் பக்கம் அமைதியாக எழுதிக்கொண்டிருந்த கவிமணியை ஊரறியச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நல்லதைக் கண்டால் மனம் விட்டுச் சொல்லவும் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டவும் ஒரு பெரிய மனசு வேண்டும். இந்த ஊர் அவரை இன்னும் மறக்காததற்கு அந்த மனசுதான் காரணம் என்பேன்.

செல்வங்களே, நீங்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் அதற்கு அப்பாலும் போகப்போகிறீர்கள். புது ஊரில் சம்பளம் கிடைக்கும். பேச ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். ஐந்து பேரைச் சேருங்கள். ஞாயிறு மாலை ஒருவர் அறையில் கூடுங்கள், காப்பி போடுங்கள், ஒரு பாட்டைச் சத்தமாகப் படியுங்கள். எதில் தொடங்குவது என்று கேட்டால், டி.கே.சி. உரையெழுதிய முத்தொள்ளாயிரத்தைச் சொல்வேன். அந்த நூலில் நமக்குக் கிடைத்திருப்பவை நூற்றுச் சொச்சம் வெண்பாக்கள்தான். வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் இரண்டு வருஷத்துக்குத் தாராளமாக வரும்.