நாய் வரட்டும், அதற்கு முன் ஒரு ஆள் வரட்டும்

(கல்வி உரிமைக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய தோழர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போனார். வசதியான தனியார் பள்ளிகளில் பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் குறைக்கப் பயிற்சி பெற்ற நாய்களைக் கூட்டிவருகிறார்கள், அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அது ஏன் கூடாது, அரசுப் பணத்தில் அதைக் கேட்டால் என்ன என்றார். அரங்கில் சிலர் சிரித்தீர்கள். "சோத்துக்கே வழியில்ல, நாய் ஒரு கேடா" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னதும் காதில் விழுந்தது. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. ஏழைப் பிள்ளைக்குச் சோறு மட்டும் போதும், மனது என்று ஒன்று கிடையாது என்பது நம்மை மிதித்தவர்களின் எண்ணம். அதை நாம் ஏன் சொல்ல வேண்டும்?

முதலில் அது என்ன என்று பார்ப்போம். நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்று ஓர் உளவியலாளர் இருந்தார். யாரிடமும் வாய் திறக்காத சிறுவன் ஒருவன், அவருடைய நாயிடம் மட்டும் ஒட்டிக்கொண்டான். அதைக் கவனித்து 1962இல் ஒரு கட்டுரை எழுதினார். அங்கிருந்துதான் இந்தத் துறை வளர்ந்தது. 2022இல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மொத்தம் 149 பிள்ளைகள், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. வாரத்துக்கு இரண்டு முறை, இருபது நிமிடம், நான்கு வாரம் நாயோடு இருந்த பிள்ளைகளின் உமிழ்நீரை எடுத்து, அழுத்தத்தைக் காட்டும் சுரப்பை அளந்தார்கள். மற்றப் பிள்ளைகளைவிட இவர்களுக்கு அது குறைவாக இருந்தது. ஆகவே இது வெறும் பணக்கார வேடிக்கை இல்லை, பயன் உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் பேச்சு வராத பிள்ளைகளுக்கும் அரசே இதைச் சோதித்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

அமெரிக்காவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு ஒன்றிய அரசு கொடுத்த நிவாரணப் பணத்தில் சில பள்ளி மாவட்டங்கள் இப்படி நாய் வாங்கின. அந்தப் பணம் ஒருமுறைப் பணம், 2024 செப்டம்பரோடு கெடு முடிந்தது. நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் உயிர் வாழும். தீனி, தடுப்பூசி, அதைக் கையாளத் தெரிந்த ஆள், இதெல்லாம் ஒருமுறைச் செலவா? திட்டம் தொடங்குகிற நாளில் படம் எடுத்துக்கொள்வார்கள், மூன்றாம் வருடச் செலவுக்கு யார் என்று கேட்டால் ஆள் இருக்காது. இது நமக்கும் பழகிய கதைதான்.

அதே அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் பார்க்லேண்டில், 2018 பிப்ரவரியில் ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்து 17 பேர் செத்தார்கள். பிழைத்த பிள்ளைகளிடம் நாய்களைக் கூட்டிவந்தார்கள். பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுதார்கள், ஆறுதல் கிடைத்தது. ஆனால் அதோடு அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த மாதமே வாஷிங்டன் தெருவில் இறங்கித் துப்பாக்கிச் சட்டத்தை மாற்று என்றார்கள். நாயைக் கட்டிக்கொண்டதால் துப்பாக்கியை அவர்கள் மறக்கவில்லை.

நம் ஊர்ப் பள்ளியில் அந்தத் துப்பாக்கியின் இடத்தில் என்ன இருக்கிறது? மணிக்கட்டில் கயிறு இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 9, நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்பு படித்த நம் பிள்ளையைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். நான் சொல்ல வருவது அதற்கு முந்தைய நாட்களைப் பற்றி. அந்தப் பையன் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். காரணம் கேட்டபோது, தன்னை என்னென்ன செய்தார்கள் என்று பள்ளியில் சொல்லவும் செய்தான். சொன்ன பிறகுதான் அரிவாள் வந்தது.

மனதைத் திறந்து பேசு, பேசினால் பாரம் குறையும் என்கிறோம். அவன் பேசினான். பேசிய பிள்ளைக்குக் காவல் யார்? புகார் எழுதிக் கொடுத்த நிமிடத்திலிருந்து அந்தப் பிள்ளையின் பாதுகாப்பு என் பொறுப்பு என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் சம்பளம் வாங்குகிற ஒரு ஆள் வேண்டுமா வேண்டாமா? நாயால் இருபது நிமிடம் படபடப்பை அடக்க முடியும், புகாரைப் பதிவேட்டில் ஏற்ற முடியாது.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டுத் தடை பற்றித்தான் தொலைக்காட்சியில் கத்தினார்கள். அதற்குள் இருந்த இன்னொரு பரிந்துரையை யாரும் விவாதிக்கவில்லை. 500க்கு மேல் மாணவர் உள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவர் என்பது அது. 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் இன்னும் மேலே போய், 100 மாணவர் இருந்தாலே தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவர் வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. நம் கையில் இருப்பது என்ன? 14417 என்ற உதவி எண், 'மாணவர் மனசு' என்ற பெட்டி. இரண்டும் நல்லவைதான், ஆனால் இரண்டும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் இல்லையே.

நாய்க்குச் சாதி தெரியாது, அது எல்லாப் பிள்ளையிடமும் ஒரே மாதிரி வாலாட்டும், அதுவே ஒரு பாடம் என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். நாய்க்குத் தெரியாதுதான், மனிதனுக்குத் தெரியுமே! தென்மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் சேரிக்காரர் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததைத் தீண்டாமைக்கு எதிரான இயக்கங்கள் கள ஆய்வில் பதிவு செய்திருக்கின்றன. சேரி நாய் ஊர்த்தெருப் பெட்டை நாயோடு சேர்ந்துவிடக் கூடாதாம். சண்டாளனுக்குச் சொத்து நாயும் கழுதையும் என்று எழுதிவைத்தது மனு. அதையும் இவர்கள் பாதியாக வெட்டினார்கள். 1924இல் வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருவில் நாய் நடந்தது, ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது. நாயைப் பற்றி நம்மிடம் பேசுகிறவர்கள் இந்த வரலாற்றையும் தெரிந்துகொண்டு பேசட்டும்.

இன்னொன்று, கொஞ்சம் அருவருப்பான கேள்வி. பள்ளிக்கு நாய் வந்தால் அதன் மலத்தை யார் அள்ளுவது? 2022இல் ஈரோடு மாவட்டம் பாலக்கரையில் ஊராட்சி ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியை, பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததற்காகக் கைதானார். 2023இல் காலை உணவுத் திட்டத்தில் நம் பெண் சமைக்கிறாள் என்பதற்காகக் கரூர் மாவட்டத்தில் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்தார்கள், மாவட்ட ஆட்சியரே போய் நிற்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் நாயைத் தடவிக்கொடுக்கும் பிள்ளை யார், வாளியும் துடைப்பமும் தூக்கும் பிள்ளை யார் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. திட்டம் எழுதுகிறவர்கள் இதை முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். துப்புரவுக்குச் சம்பளம் உண்டு, மாணவர் யாரும் தொடக் கூடாது என்று.

வேடிக்கை என்னவென்றால், 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் பள்ளி வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்று, வேலி போடு என்று உத்தரவிட்டது. சுற்றுச்சுவர் இல்லாத பள்ளி யாருடைய பள்ளி? கடிபட்டுத் தடுப்பூசிக்காகத் தாலுகா மருத்துவமனையில் வரிசையில் நிற்கும் பிள்ளை யாருடைய பிள்ளை? நாயைக் கண்டாலே நடுங்குகிற பிள்ளைகள் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் நாயை விட்டு மன அமைதி பெறு என்றால் எப்படி?

பணத்துக்கு வருவோம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் ஆண்டுக்கணக்காகத் தொகுப்பூதியத்தில் கிடக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் வருகிற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், 2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, பணம் தருகிறேன் என்றது. மனிதருக்கே சம்பளம் தடைப்படுகிறபோது நாய்க்கு எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று நான் யோசித்தேன். ஆதிதிராவிடர் துணைத்திட்ட நிதி என்று ஒரு கணக்கு இருக்கிறது, வேறு செலவுகளை அதில் எழுதுவது பழைய பழக்கம். 2024இல் அதற்குத் தனிச் சட்டமே வந்துவிட்டது. அந்தப் பணத்தில் கை வைத்தால் விடக் கூடாது. அந்தப் பணத்தில் முதலில் ஆலோசகர் போக வேண்டிய இடம் ஆதிதிராவிடர் நல விடுதிகள். வீட்டை விட்டு வந்து இரவில் தனியாகப் படுத்திருக்கும் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஆகவே தோழர் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. சிறப்புப் பள்ளிகளில், பயிற்சி பெற்ற ஆளோடும் நிரந்தர நிதியோடும் தொடங்கட்டும், ஆதரிப்போம். மற்றப் பள்ளிகளில் நல அலுவலர் நியமனம் முடிகிற வரை நாய்த் திட்டத்துக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம் என்போம். நாய் வந்ததைக் காட்டி ஆள் போடாமல் இருப்பார்கள் என்ற பயம் எனக்கு இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஆகும் சம்பளத்தைவிட ஒரு நாள் நாய் வந்துபோவது மலிவு அல்லவா!

உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் தலைவர். அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் இரண்டு விஷயம் கேளுங்கள். 'மாணவர் மனசு' பெட்டியைக் கடைசியாக எந்தத் தேதியில் திறந்தீர்கள், சாவி யாரிடம் இருக்கிறது? நல அலுவலர் வேண்டும் என்று தீர்மானம் போட்டு, அதைக் குறிப்பேட்டில் எழுதவைத்து, நகலை வாங்கிக்கொண்டு வாருங்கள்.