பம்ளிமாஸ்: பயனும் பாதுகாப்பும்



சீனப் பெருநாள் நெருங்கும் வேளையில், ஈப்போவை அடுத்த தம்பூன் வழியே செல்வோர் சாலையோரக் கடைகளில் பம்ளிமாஸ் பழங்கள் கயிற்றில் கட்டித் தொங்குவதைக் காணலாம். மலாய் மொழியில் இதனை லீமாவ் பாலி என்பர். மேலைநாட்டார் விரும்பி உண்ணும் கிரேப்ஃபுரூட், பம்ளிமாஸும் ஆரஞ்சும் கலந்து 18-ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் தீவில் தோன்றிய கலப்பினமே.

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 70 மில்லிகிராம் வைட்டமின் சி தேவை. நூறு கிராம் பம்ளிமாஸ் சுளையில் ஏறக்குறைய 60 மில்லிகிராம் உண்டு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க இச்சத்து துணைபுரிகிறது. ஆகவே, சோகை கண்ட தாய்மார்கள் கீரைச்சோறு உண்டபின் நான்கு சுளை உண்பது நலம். உண்டவுடன் தேநீர் அருந்துவதோ அச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரமாவது பொறுத்து அருந்துவோமாக.

கைக்குக் கனமாக உள்ள பழத்தையே தேர்ந்தெடுங்கள். தோல் தடித்திருப்பதால், முழுப்பழம் நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் இரண்டு வாரம் வரை தாங்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும். தோல் சற்றே சுருங்குவது கெட்டதற்கு அடையாளமன்று. உரித்த சுளைகளை மூடியுள்ள பாத்திரத்திலிட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு நாளுக்குள் உண்டுவிட வேண்டும்.

இனி, முதியோர் உள்ள இல்லத்தார் மறவாதிருக்க வேண்டியது ஒன்று. இரத்த அழுத்தத்திற்கான மாத்திரை ஒன்றின் அளவைக் கிரேப்ஃபுரூட் சாறு இரத்தத்தில் மிகுவிப்பதைக் கனடா ஆய்வாளர்கள் 1989-இல் தற்செயலாகக் கண்டனர். இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். மருந்தைச் சிதைக்கும் குடலின் ஆற்றலை அப்பழத்திலுள்ள பொருள்கள் தடுப்பதே காரணம். பம்ளிமாஸிலும் அவ்வகைப் பொருள்கள் உள்ளன. காலையில் பழம், இரவில் மாத்திரை என்று இடைவெளி விடுவதாலும் பயனில்லை. அவ்விளைவு ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கக்கூடும்.

எல்லா மாத்திரைகளுக்கும் இத்தடை இல்லை. ஆயினும், பழத்திற்காக மாத்திரையை நாமே நிறுத்துதல் கூடாது. அடுத்தமுறை கிளினிக்கிற்குச் செல்லும்போது மாத்திரைகளைக் காட்டி, “இவற்றுடன் பம்ளிமாஸ் உண்ணலாமா?” என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை தாத்தா பாட்டியின் தட்டில் பப்பாளியோ வாழைப்பழமோ இருக்கட்டும்.

விருந்தாக வாங்கும் பழம் மருந்துக்குப் பகையாகாமல் காப்பது நம் கடமை.