சீலிங் விரிசல்: பட்டி வைக்கும் முன் பார்க்க வேண்டியவை
(சங்கத்தின் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



தீபாவளிக்கு வீடு பெயின்ட் அடிக்கும்போது ஃபால்ஸ் சீலிங் விரிசலில் பட்டி வைத்து மூடிவிடுகிறோம். பொங்கலுக்குள் அதே இடத்தில் மறுபடியும் கோடு விழுகிறது. காரணத்தைப் பார்க்காமல் மூடுவதுதான் சிக்கல்.

கோடு நேராக ஓடினால், அது பெரும்பாலும் இரண்டு ஜிப்சம் போர்டுகள் சேரும் இடம். பயப்பட வேண்டாம். ஆனால் பட்டி மட்டும் போதாது. போர்டு கொஞ்சம் அசைந்தாலும் பட்டி வெடித்துவிடும். முதலில் அந்த இடத்தைக் கையால் லேசாக அழுத்திப் பாருங்கள். ஆடினால், உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தில் பிடிக்கும்படி புதிதாக ஸ்க்ரூ போட வேண்டும். பிறகு பழைய பட்டியைச் சுரண்டி எடுத்து, ஜாயின்டிங் காம்பவுண்ட் தடவி, அதன்மேல் பேப்பர் டேப்பைக் குமிழி இல்லாமல் ஒட்ட வேண்டும். அது நன்றாகக் காய்ந்தபின் இன்னும் இரண்டு கோட், ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலமாக. கடைசியில் உப்புத்தாள் தேய்த்து, பிரைமர், பெயின்ட். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று சொன்னால், ஒவ்வொரு கோட்டும் காய எவ்வளவு நேரம் விடுவீர்கள் என்று கேளுங்கள்.

விரிசலோடு பழுப்புக் கறையோ தொய்வோ இருந்தால் கதை வேறு. அது பெரும்பாலும் தண்ணீர். ஜிப்சம் ஈரமானால் வலு இழக்கும். போர்டு கீழே விழலாம். கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு வாரத்தில் கறை கோட்டைத் தாண்டினால் கசிவு நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்து லைட்டின் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். லைட்டைக் கழற்றிய துளை வழியாக டார்ச் அடித்தால் மேலே உள்ள ஸ்லாப் தெரியும். அங்கே காங்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், அது பெயின்டர் வேலை அல்ல. உடனே சங்கத்துக்குச் சொல்லுங்கள், பொறியாளர் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ஃபேனைச் சுற்றி விரிசல் இருந்தால், ஃபேன் ஸ்லாபில் உள்ள கொக்கியில் தொங்குகிறதா என்று உறுதி செய்யுங்கள். ஜிப்சம் போர்டு அந்த எடையைத் தாங்காது.

கடைசியாக மேல்வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கீழ்வீட்டிலிருந்து கசிவு என்று வந்து சொன்னால், குற்றம் சாட்டுவதாக நினைக்காதீர்கள். ஒரு நாள் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல் பார்க்க ஒத்துழையுங்கள். அந்த ஸ்லாப் அவர்களுக்குக் கூரை, உங்களுக்குத் தரை. துருப்பிடித்தால் இழப்பு இருவருக்கும்தான். வடகிழக்குப் பருவமழை வருவதற்கு முன் எல்லோரும் ஒருமுறை தலை நிமிர்ந்து பாருங்கள்.