எல்லைக் கோடும் நட்டஈடும்



ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலே சார்லட் என்னும் பெருநகர் இருக்கிறது. அந்நகரிலிருந்து தெற்கு நோக்கி மோட்டார் வண்டியிற் சிறிது நேரம் சென்றால் தென் கரோலினா மாநிலத்தின் எல்லை வந்துவிடும். தெரு ஒன்றே, மொழி ஒன்றே, ஓடும் வண்டிகளும் அவையே. ஒரு பெயர்ப்பலகைதான் மாநிலம் மாறிற்று என்று அறிவிக்கும். ஆயினும், அப்பலகைக்கு இப்பால் அடிபட்டவருக்கும் அப்பால் அடிபட்டவருக்கும் கிடைக்கக்கூடிய நட்டஈட்டிலே மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு.

ஓர் உதாரணங் கொண்டு இதனை விளக்குவோம். ஒருவர் தம் வண்டியிலே நேரே செல்கிறார். எதிரே வந்தவர் வழிவிடாது குறுக்கே திருப்பி மோதுகிறார். முன்னவரின் கால் முறிகிறது. வைத்தியச் செலவு, இழந்த சம்பளம், பட்ட வேதனை எல்லாவற்றையுங் கணக்கிட்டால் 100,000 டொலர் நட்டம். விசாரித்துப் பார்க்கையில், குறுக்கே திருப்பியவர்மீது நூற்றுக்கு 80 பங்கு குற்றமும், சற்று விரைந்து வந்தமையாற் காயமடைந்தவர்மீது 20 பங்கு குற்றமும் இருப்பதாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இவ்விபத்துத் தென் கரோலினாவில் நிகழ்ந்திருந்தால், காயமடைந்தவர் தம் பங்கைக் கழித்து 80,000 டொலர் பெறலாம். வட கரோலினாவில் நிகழ்ந்திருந்தாலோ, சட்டப்படி அவருக்கு ஒரு சதமும் இல்லை. விபத்து நிகழ்ந்த இடத்தின் சட்டமே செல்லும் என்பது அவ்விரு மாநிலங்களினதும் நெறி. ஆதலால் அவர் எந்த ஊரவர் என்பதன்று, எந்த ஊரில் விழுந்தார் என்பதே கேள்வி.

இத்துணைக் கடுமையான விதி எங்கிருந்து வந்தது? அது மோட்டார் வண்டி தோன்றுமுன்னரே, குதிரைகள் ஓடிய காலத்திற் பிறந்தது. இங்கிலாந்திலே ஒருவர் தம் வீட்டைத் திருத்தும்பொருட்டுத் தெருவின் குறுக்கே ஒரு தடியை வைத்திருந்தார். அந்தி மயங்கும் வேளையிற் குதிரைமீது விரைந்து வந்த மற்றொருவர் அதில் மோதி விழுந்தார். சாதாரண கவனத்தோடு வந்திருந்தால் தடியைக் கண்டிருக்கலாமாதலால் அவருக்கு நட்டஈடு இல்லையென 1809ஆம் ஆண்டில் நீதிமன்றம் தீர்த்தது. தன் கவனயீனமுங் கலந்திருந்தால் ஒருவன் எதுவும் பெறான் என்னும் கொள்கை இவ்வாறு வேரூன்றியது.

அதன் கடுமையை நீதிபதிகளே உணரலாயினர். 1842இல், முன்னங்கால்கள் பிணைக்கப்பட்டுத் தெருவோரம் விடப்பட்ட ஒரு கழுதையை வேகமாக வந்த வண்டி கொன்றுவிட்டது. கழுதையைத் தெருவில் விட்டது உரியவனின் தவறேயெனினும், இறுதியிலே விபத்தைத் தவிர்க்கக்கூடிய நிலையில் இருந்தவன் வண்டிக்காரனே என்று நீதிமன்றம் கருதியது. கழுதைக்குரியவன் வென்றான். பின்னர் 1945இல் இங்கிலாந்து பழைய விதியையே நீக்கி, குற்றத்தைப் பங்கிட்டு நட்டஈட்டைக் குறைக்கும் முறையைச் சட்டமாக்கியது. ஆனால், தாய் கைவிட்டதைப் பிள்ளைகள் சிலர் கைவிடவில்லை. வட கரோலினா, வர்ஜீனியா, மேரிலாந்து, அலபாமா ஆகிய நான்கு மாநிலங்கள் இன்றும் அவ்விதியைப் போற்றுகின்றன. தலைநகரான வாஷிங்டன், 2016இல் நடந்து செல்வோர்க்கும் துவிச்சக்கர வண்டியோட்டிகளுக்கும் மட்டும் அதனைத் தளர்த்தியது.

ஏனைய மாநிலங்கள் பங்கிடும் முறையைத் தழுவியுள்ளன; அதிலும் இரு வகை. கலிபோர்னியாவிலே, 1975ஆம் ஆண்டின் தீர்ப்பொன்றின்படி, தம்மீது 60 பங்கு குற்றமுடையவரும் மிகுதி 40 பங்கைப் பெறலாம். டெக்சாசிலே குற்றம் பாதிக்கு மேற்பட்டால் ஒன்றுமில்லை. புளோரிடா முதல் வகையிலே நெடுங்காலம் நின்று, 2023இல் இரண்டாம் வகைக்கு மாறியது.

"பெரும்பாலான பிணக்குகள் நீதிமன்றத்துக்கே செல்வதில்லையே, காப்புறுதிக் கம்பனியோடு பேசித் தீர்க்கப்படுகின்றனவே, அப்படியிருக்கச் சட்டத்தைப்பற்றி ஏன் கவலை?" என்று நேயர்கள் வினவலாம். பேசித் தீர்க்கும் அந்த மேசையிலேதான் சட்டம் கண்ணுக்குத் தெரியாமல் அமர்ந்திருக்கிறது. வழக்காடினால் என்ன கிடைக்கும் என்னும் மதிப்பே சமரசத் தொகையின் அளவுகோல். வட கரோலினாவிலே காயமடைந்தவர்மீது சிறு குற்றமேனும் காட்டக்கூடுமாயின், "வழக்குக்குப் போனால் ஒன்றுமே இராது" என்ற அச்சத்தினால் அவர் கொடுத்ததை வாங்கிக்கொள்ள நேரிடுகிறது. "நானும் கொஞ்சம் விரைவாகத்தான் வந்தேன்" என்று ஒரு நல்ல மனிதர் தெருவோரத்திற் கள்ளமின்றிச் சொன்ன வார்த்தையே அவரது குடும்பத்தின் ஓராண்டுச் சாப்பாட்டைப் பறித்துவிடலாம்.

குற்றத்தின் பங்கு மட்டுமன்று, வேறு சட்டங்களும் அத்தொகையைக் கட்டுப்படுத்துகின்றன. சாரதி எடுக்கவேண்டிய மிகக் குறைந்த காப்புறுதி எவ்வளவு என்பதை மாநிலமே விதிக்கிறது. கலிபோர்னியாவில் ஒருவரின் காயத்துக்கு அது 1967 முதல் 2024 முடியும்வரை 15,000 டொலராகவே இருந்தது. 2025இல் 30,000 ஆயிற்று. மோதியவர் ஏழையாயின், நட்டம் எவ்வளவாயினும் அந்த எல்லைக்கு அப்பால் யாரிடம் வாங்குவது? வழக்குத் தொடரும் காலவெல்லையும் அவ்வாறே: டெனெசியில் ஓராண்டு, மெயின் மாநிலத்தில் ஆறாண்டு. டெனெசியிலே கட்டவிழ்க்குமுன் காலம் கடந்துவிடக்கூடும்.

குற்றம் யாருடையது என்ற வாதத்தையே ஒதுக்கிவைக்க முயன்ற மாநிலங்களும் உண்டு. 1971இல் மாசச்சூசெட்ஸ் முதலில் அவ்வழியிற் சென்றது. அங்கே வைத்தியச் செலவின் ஒரு பகுதியை அவரவர் காப்புறுதியே உடன் கொடுக்கும். வேதனைக்கு நட்டஈடு கேட்பதற்கோ, செலவோ காயமோ குறித்த அளவைத் தாண்டியிருக்கவேண்டும். சிறு காயங்களுக்கு இது விரைவான மருந்து. எனினும் அளவுக்குச் சற்றே கீழே நின்றவரின் வேதனை கணக்கில் வராது.

பழைய விதியைக் காப்போரும் நியாயம் கூறாமலில்லை. அது ஒவ்வொருவரையும் கவனமாயிருக்கத் தூண்டும், காப்புறுதிக் கட்டணத்தைக் குறைவாக வைத்திருக்கும் என்பது அவர்கள் வாதம். 2013இல் மேரிலாந்தின் அதியுயர் நீதிமன்றமும், மாற்றுவதானாற் சட்டசபையே மாற்றட்டும் என்று விலகிக்கொண்டது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 20 பங்கு குற்றஞ் செய்தவர் எல்லாவற்றையும் இழக்கிறார். 80 பங்கு குற்றஞ் செய்தவர் ஒன்றுங் கொடாது போகிறார். தராசின் ஒரு தட்டிலே மட்டும் கல்லை வைத்துவிட்டு அதனை நிறுத்தல் என்று சொல்லலாமா?

முறிந்த எலும்பு எல்லைக்கோட்டின் இருபுறத்தும் ஒரே விதமாகத்தான் வலிக்கிறது. அந்த வலிக்கு விலை சொல்லும் சட்டம் மட்டுமே ஒரு பெயர்ப்பலகையைக் கண்டதும் மாறுகிறது.