கழித்த கடதாசியும் கைவினையும்

(எமது சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இத்தகைய மேடைகளிலே சமயம், இலக்கியம், கல்வி என்னும் உயர்ந்த பொருள்களைப் பற்றிப் பேசுவதே வழக்கம். யாமோ பழைய பத்திரிகைத் தாளையும், தேயிலைப் பெட்டியின் அட்டையையும், விசுக்கோத்துச் சுற்றிய உறையையும் பற்றிப் பேச எழுந்துள்ளோம். இஃது என்ன பொருள் என்று சிலர் புன்முறுவல் செய்யக்கூடும். பொருள் சிறிதே, ஆயினும் அதனோடு ஒட்டிய கேள்வி சிறிதன்று. எறியப்பட்ட தாளை மடித்தும் பின்னியும் பயன்படு பொருளாக்கும் கைவினை பாலர் வகுப்புப் பொழுதுபோக்குத்தானா, அன்றிப் படித்தவரும் முதியவரும் ஒருங்கிருந்து மதித்துச் செய்யத்தக்க தொழிலா என்பதே அக்கேள்வி. தொழிலே என்பது எமது துணிபு.

முதலிலே கடதாசியின் பிறப்பை நோக்குவோம். சீன அரசவை அலுவலராகிய சாய் லுன் என்பவர் கி.பி. 105 ஆம் ஆண்டிலே கடதாசி செய்யும் முறையை மன்னனுக்கு அறிவித்தார் என்று சீன வரலாறு கூறும். அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள் மரப்பட்டை, சணல், கந்தைத் துணி, பழைய மீன்வலை என்பன. ஐரோப்பாவிலும் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கந்தையே கடதாசிக்கு முதன்மையான மூலப்பொருள். மரக்கூழ் பிற்பாடு வந்தது. நமது நாட்டிலே 1950களில் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலையும் வயலில் எஞ்சிய வைக்கோலைக் கொண்டே கடதாசி செய்தது. ஆகவே, கழிவிலிருந்து பயனைப் பிறப்பித்தல் கடதாசிக்குப் புதிதன்று; அதுவே அதன் பிறவிக்குணம்.

அப்படியாயின் பழைய தாளை மீண்டும் ஆலைக்கே அனுப்பிவிடலாமே என்று கேட்பீர்கள். அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். ஆனால் கூழாக்கும் ஒவ்வொரு முறையும் கடதாசியின் நார் குறுகிப்போகின்றது. ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு முறைக்குப் பின் அது தாளாக ஒட்டி நிற்கும் வலுவை இழக்கும். ஆலைக்கு நீரும் வேண்டும், எரிபொருளும் வேண்டும். கைவினையோ தாளைத் தாளாகவே வைத்துக்கொண்டு, இயந்திரமின்றி, இன்னொரு பிறவியை அதற்கு அளிக்கின்றது. அப்பிறவி முடிந்தபின் ஆலைக்கு அனுப்பினாலும் குறைவில்லை.

இதனைச் செய்து காட்டியவர்களுள் யப்பானிய உழவர்களை முதலிற் கூறவேண்டும். அவர்கள் வணிகர் எழுதி முடித்த பழைய கணக்கேடுகளைப் பெற்று, அத்தாள்களை ஒடுங்கிய நாடாக்களாக வெட்டி, ஈரப்பதத்தோடு கல்லின்மேல் உருட்டி, முறுக்கி நூலாக்கினர். அந்நூலைத் தறியிலிட்டுத் துணி நெய்தனர். ‘ஷிஃபு’ என்பது அத்துணியின் பெயர். வறியவர் தேவைக்காகத் தொடங்கிய அத்தொழில், நாளடைவில் ஷிரோயிஷி என்னும் ஊரிலே உயர்குடியினரும் விரும்பி அணியும் நுண்ணிய துணியாக வளர்ந்தது. யப்பானிய மரத்தோல் நாரின் நீளமும் வலுவும் நமது பத்திரிகைத் தாளுக்கு இல்லை என்பது உண்மையே. ஆயினும் கணக்கெழுதிய தாள் மேலாடையான செய்தி நமக்கு ஊக்கம் தருவதன்றோ?

அடுத்து, கல்விக்கூடத்தின் வழியாக வந்த மரபொன்று உண்டு. ஜேர்மனி நாட்டுப் பேரறிஞர் பிரீட்ரிக் புரோபெல் 1840 ஆம் ஆண்டிலே தமது பாலர் கல்வி நிலையத்துக்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். கடதாசி மடித்தலையும் கடதாசிப் பாய் பின்னுதலையும் குழந்தைகளுக்குரிய பயிற்சிகளாக வகுத்தவர் அவரே. மிஷனரிமார் தொடங்கிய கல்லூரியொன்றிலே பயின்ற யாமும் பாலர் வகுப்பில் வண்ணத்தாளைக் கீறிட்டு, ஒன்று விட்டு ஒன்று நாடா கோத்துச் சிறு பாய் பின்னினோம். அதற்குமேல் வகுப்பேறியதும் அப்பயிற்சி நின்றுவிட்டது. கையால் செய்வது சிறுவருக்கு, தலையால் செய்வது பெரியவருக்கு என்பது நமது பாடத்திட்டங்களின் எழுதாத விதிபோலும்.

அவ்விதியை மீறிய தமிழ்நாட்டு அறிஞர் ஒருவரை இங்கே நினைவுகூர்தல் தகும். தண்டலம் சுந்தரராவ் என்பவர் கடதாசி மடிப்பினாலே கேத்திரகணிதத்தைப் பயிற்றும் நூலொன்றை ஆங்கிலத்தில் எழுதி, 1893 ஆம் ஆண்டிலே சென்னையில் வெளியிட்டார். கவராயமும் இன்றி, ஒரு சதுரத் தாளை மடித்தே முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் முதலியவற்றைப் பெறும் வழியை அவர் காட்டினார். அந்நூல் 1901 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் மறுபதிப்புப் பெற்றது. ஜேர்மனியக் கணித மேதை பீலிக்ஸ் கிளைன் அதனைத் தமது நூலிலே எடுத்துக் காட்டினார். பாலர் பள்ளித் தாள் மடிப்பிலிருந்தே தாம் தூண்டுதல் பெற்றதாக ஆசிரியரே தெரிவித்துள்ளார். சிறுவர் விளையாட்டென்று நாம் தள்ளியதிலே ஒரு தமிழ்நாட்டவர் உலகறிந்த கணிதத்தைக் கண்டெடுத்தார்.

அன்பர்களே, யப்பானையும் ஜேர்மனியையும் கூறினோம். இனி நமது வீட்டுக் கோடிக்கு வருவோம். பனங்கட்டிக்குக் குட்டான், மீனுக்கு உமல், பிட்டவிக்க நீத்துப்பெட்டி, நெல் அள்ளக் கடகம், புடைக்கச் சுளகு, சட்டியை இருத்தத் திருகணை, கூழ் குடிக்கப் பிளா என்று ஒவ்வொரு தேவைக்கும் ஓர் ஓலைப்பொருளை நமது முன்னோர் வைத்திருந்தனர். இவற்றுட் சிலவற்றை இக்காலத்துச் சொல்லிலே ‘பொதி உறை’ என்றே கூறலாம். அன்று பொதி உறையே கைவினையாக இருந்தது. பயன் முடிந்ததும் எருவாயிற்று. இன்று பொதி உறை குப்பையாகின்றது, எருவாவதும் இல்லை. 2017 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளிலே கொழும்பை அடுத்த மீத்தொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலே பொலித்தீன் உணவுத்தாளும் சிலவகைப் பைகளும் சட்டத்தினாலே தடைசெய்யப்பட்டன. சட்டம் ஒன்றை விலக்கலாம். அதனிடத்திலே எதை வைப்பது என்பதைக் கைகளே கூறவேண்டும்.

அதனை எவ்வாறு செய்வதென்று சிறிது விளக்குவோம். எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் அதன் ஓரத்தைச் சிறிது கிழித்துப் பார்த்தல் வேண்டும். தாளுக்கும் ஓலையைப்போல நார்ப்போக்கு உண்டு. போக்கின் வழியே கிழித்தால் நேராகவும், குறுக்கே கிழித்தால் கோணியும் வரும். பத்திரிகைத் தாள் பெரும்பாலும் மேலிருந்து கீழாகவே நேராகக் கிழியும். அப்போக்கிலே நீண்ட துண்டுகளாக வெட்டி, இரண்டாக மடித்து, மீண்டும் இரண்டாக மடித்தால் நான்கு படையுள்ள நாடா கிடைக்கும். ஒன்று விட்டு ஒன்று கோத்து அடிப்பாகத்தைப் பின்னி, எஞ்சிய நுனிகளை நான்கு பக்கமும் மேலே நிமிர்த்தி, அவற்றைச் சுற்றிப் புதிய நாடாக்களை ஓட்டினால் பெட்டியின் சுவர் எழும்பும். விளிம்பை உள்ளே மடித்துச் செருகிவிடலாம்.

இன்னும் உறுதி வேண்டுமாயின் தாளைக் குழலாக்குக. தென்னை ஈர்க்கொன்றை ஒரு மூலையிலே வைத்துச் சாய்வாக உருட்டி, முடிவிலே சிறிது பசை தடவி, ஈர்க்கை உருவிவிட வேண்டும். ஒரு குழலின் ஒடுங்கிய நுனியை மற்றொன்றின் அகன்ற நுனிக்குள்ளே செருகினால் வேண்டிய நீளம் பெறலாம். கோதுமைமாவைக் காய்ச்சிய பசையே போதும். ஆனால் அதைப் பூச்சி விரும்பும். ஆதலின் அளவாகப் பூசி வெயிலிலே நன்கு உலர்த்துதல் வேண்டும். உறைகளைப் பொறுத்தவரை, ஒரே அளவான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் மடித்து இரு கால்களாக்கி, ஒன்றின் காலை மற்றொன்றின் மடிப்பிலே செருகிச் சென்றால், பசையும் நூலுமின்றியே சங்கிலிபோல் ஒரு நாடா அமையும். அந்நாடாக்களைத் தைத்து இணைத்தால் கைப்பை ஆகும்.

ஓலை வேலைக்கும் தாள் வேலைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஓலையை நனைத்தால் இளகி வளையும்; தாளை நனைத்தால் குலைந்துவிடும். எனவே தாட்பெட்டி உலர்ந்த பொருள்களுக்கே உரியது. மெருகெண்ணெய் பூசினால் ஈரத்தைச் சிறிது தாங்கும். ஆனால் பின்னர் மண்ணோடு மக்குவதும், ஆலையிலே கூழாவதும் கடினமாகும். எதற்காக இத்தொழிலைத் தொடங்கினோமோ அதனையே மெருகுக்காக இழத்தல் அறிவுடைமையன்று.

இரண்டு எச்சரிக்கைகளையும் கூறாமல் விடுதல் ஆகாது. அச்சிட்ட தாளிலே உண்பொருளைச் சுற்றலாகாது. அச்சுமையிலுள்ள எண்ணெய்களும் சாயப்பொருள்களும் சூடான, எண்ணெய்ப் பசையுள்ள வடை முதலியவற்றிலே ஊறும். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2016 ஆம் ஆண்டிலே இதனை விலக்குமாறு மக்களுக்கு அறிவுறுத்தியது. கடையிலே கடலை வாங்கும் சரை அச்சிட்ட தாளாயின், அதைக் கண்டு மகிழ்வதற்கில்லை. உணவுக்கு வாழையிலையும் தாமரையிலையும் உள. மற்றொன்று: பளபளக்கும் பொரியல் உறையிலே பிளாத்திக்கும் அலுமினியமும் படைபடையாக ஒட்டியிருக்கின்றன. அதனைப் பையாகப் பின்னுதல் அதன் வாழ்நாளை நீட்டுமேயன்றி, அதனை இல்லாமற் செய்யாது. பை பின்னுவதற்காகவே பொரியல் வாங்குவோமாயின் அது நகைப்பிற்கிடமாகும்.

மடித்த தாளின் மதிப்பை அறிய ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகின்றோம். 1993 ஆம் ஆண்டு யூன் மாதம் 6 ஆம் திகதி, கோல்டன் வென்சர் என்னும் கப்பல் 286 சீனக் குடிபெயர்வோரோடு நியூயோர்க் கரையிலே தரைதட்டியது. குளிர்ந்த கடலிலே குதித்தவர்களுட் பதின்மர் இறந்தனர். எஞ்சியவருட் பலர் பென்சில்வேனியா மாநிலத்து யோர்க் நகரச் சிறையிலே ஆண்டுக்கணக்காக வைக்கப்பட்டனர். அங்கே அவர்களிடம் கருவியில்லை, பணமில்லை, மொழியும் இல்லை. சஞ்சிகைத் தாளும், எழுதுதாளும், மலசலகூடத் தாளுமே இருந்தன. அவர்கள் தாளைச் சிறு முக்கோணங்களாக மடித்து, ஒன்றோடொன்று செருகி, கழுகுகளும் கப்பல்களும் அன்னாசிப்பழங்களும் செய்தனர். முதலிலே தமக்காக ஊதியமின்றி வாதாடிய வழக்கறிஞர்களுக்கு நன்றிக் காணிக்கையாகக் கொடுத்தனர். பின்னர் அவற்றை விற்ற பணம் வழக்குச் செலவுக்கு உதவியது. அவர்கள் செய்தவை பத்தாயிரத்துக்கு மேற்பட்டவை. அப்பறவைகளைக் கண்டே பலர் அம்மனிதரைப் பற்றிக் கேட்டறிந்தனர். இறுதியாக எஞ்சியிருந்தோர் 1997 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே விடுவிக்கப்பட்டனர். தாள் கதவைத் திறந்தது என்று யாம் சொல்லவில்லை. ஆனால் இலக்கமாய் இருந்தவரை மனிதராய்க் காட்டியது அவர்தம் கைத்திறன்.

இங்கேதான் நமது சமூகத்தை நோக்கி ஒரு சொல் சொல்லவேண்டும். பெரியோர்கள் பொறுத்தருள்க. எந்தக் கை எந்த வேலையைச் செய்யலாம் என்று பிரித்து வைத்த சமூகம் நமது சமூகம். பெட்டி இழைக்கும் பெண்ணின் கையிலுள்ள அறிவை அறிவென்று நாம் எண்ணுவதில்லை. பெருங்கடையிலே குறித்த விலையை வாய்பேசாது கொடுப்பவர், சந்தையிலே அவளிடம் பத்து ரூபாவுக்குப் பேரம் பேசுகின்றார். பின்னர், அவளுடைய மகள் ஏன் அத்தொழிலைக் கற்கவில்லை என்று வருந்துகின்றார். ஒரு நாள் உழைப்புக்கு ஒரு வேளை உணவின் விலையும் கிடைக்காத தொழிலைப் பிள்ளைக்கு எந்தத் தாய் கற்பிப்பாள்? உழவாரப்படை ஏந்திக் கோயில் முற்றத்திலே புல் செதுக்கிய திருநாவுக்கரசு நாயனாரை நாம் தொழுகின்றோம். அக்கையைத் தொழும் நாம் இக்கையை இகழ்வது எங்ஙனம் பொருந்தும்?

2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, கடதாசி இறக்குமதிக்கு அந்நியச் செலாவணியின்மையால் மேல்மாகாணத்துப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதை நாம் மறந்திருக்கமாட்டோம். வெற்றுத்தாளின் அருமையை அன்று நாடு அறிந்தது. எழுதிய தாளின் அருமையை நாம் இன்று அறிவோமாக.

ஆகவே, சங்கத்தின் முன்னே மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, ஓலைப்பின்னலிலே கைதேர்ந்த அன்னையர் ஒருவர் இருவரை மாதந்தோறும் நமது மண்டபத்துக்கு அழைத்து, ஆசிரியருக்குரிய இருக்கையும் ஊதியமும் அளித்து, ஓலையிலும் தாளிலும் பின்னக் கற்றுக்கொள்வோம். வீட்டிலே அவரை ஆச்சி என்று அழைப்பவரும் வகுப்பிலே ஆசிரியை என்று அழைப்பாராக. இரண்டாவது, உறுப்பினர் இல்லங்களிலே சேரும் தாளையும் அட்டையையும் மண்டபத்தின் ஒரு மூலையிலே தரம் பிரித்துச் சேர்ப்போம். மூன்றாவது, வரும் திருவிழாவிலே திருநீறும் சந்தனமும் வழங்கும் சரைகளை ஒருபுறம் எழுதாத வெள்ளைத் தாளிலே, எழுத்து வெளிப்புறமாக, நாமே மடித்துக் கொடுப்போம். அருச்சனைப் பொருள்களுக்குப் பொலித்தீன் பைக்குப் பதிலாகப் பின்னிய பெட்டிகளை வைப்போம். அவற்றைப் பின்னியவர்க்கு முழுவிலை கொடுப்போம்.

இவை பெருஞ்செயல்கள் அல்ல. ஆனால் திருவிழா முடிந்த மறுநாட் காலையிலே வீதியைக் கூட்டுபவர், முந்திய ஆண்டிலும் குறைந்த குப்பையைக் கண்டாராயின், அதுவே இவ்வுரைக்குக் கிடைக்கும் பரிசு ஆகும்.