பதினைந்து கைநாட்டு

ஆசிரியர் தினத்தையொட்டி ஜோகூர் குளுவாங்கில், பழைய மாணவர்கள் தங்கள் ஆசிரியருக்கு நன்றி தெரிவிக்கக் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை



பழைய மாணவர்கள் சார்பில் நன்றி கூற வந்திருக்கிறோம். ஐயா அவர்கள் எங்களுக்கு இரண்டு நிபந்தனைகள் விதித்திருக்கிறார்கள். தம்முடைய பெயரைப் பத்திரிகையில் போடக் கூடாது என்பது ஒன்று. இல்லாததைச் சொல்லித் தம்மைப் புகழக் கூடாது என்பது மற்றொன்று. அன்றும் அவர் சொல்லைத் தட்டியதில்லை. இன்றும் தட்டப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறோம்.

மே மாதம் 16ஆம் தேதியை இந்நாட்டில் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். 1956ஆம் ஆண்டு அதே தேதியில்தான் கூட்டரசுச் சட்டமன்றம் ரசாக் கல்வி அறிக்கையை ஏற்றுக்கொண்டது. நாட்டின் கல்வி முறைக்கு அடித்தளமிட்ட அறிக்கை அது. அந்த முறையில் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஆரம்பப் பள்ளிகளாக இடம் கிடைத்தது. ஆறாம் வகுப்போடு தமிழ்ப் பள்ளி முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க வேண்டுமானால் தோட்டத்துப் பிள்ளை பட்டணத்துக்குப் பஸ் ஏற வேண்டும். மொழி மாறுவதால் முதலில் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார வேண்டியிருந்தது. பிறகுதான் முதலாம் படிவம்.

தோழர்களே! பன்னிரண்டு வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்ட இந்தக் காலம்தான் தோட்டத்துப் பிள்ளைகளை விழுங்கிய காலம். பஸ் கூலிக்கு வழியில்லை என்று சிலர் நின்றார்கள். பாடம் புரியவில்லை என்று சிலர் நின்றார்கள். அம்மாவோடு சேர்ந்து ஒட்டுப்பால் பொறுக்கினால் வீட்டுக்கு நாலு காசு வருமே என்று சிலர் நின்றார்கள். படித்தவர்களும் தமிழை ஆறாம் வகுப்பு வாசலிலேயே விட்டுவிட்டுப் போகும் நிலை இருந்தது.

அதைத் தடுப்பதற்குச் சட்டத்தில் ஒரு சிறிய கதவு உண்டு. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு பள்ளியில் பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், அங்கே தமிழ் மொழி கற்பிக்க வசதி செய்து தர வேண்டியிருந்தது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலும் இடைநிலைப் பள்ளிகளுக்கு அந்தப் பதினைந்து அப்படியே இருக்கிறது. கேட்டால்தான் வகுப்பு. கேட்பதற்குப் பதினான்கு பேர்தான் இருந்தால், தாய்மொழி வகுப்பைச் சட்டப்படி வற்புறுத்த வழியில்லை.

எழுபதுகளில் நாங்கள் புகுமுக வகுப்பில் சேர்ந்தபோது எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. ஐயா அவர்களோ பூகோளம் கற்பிக்க நியமிக்கப்பட்டவர். தமிழ் கற்பிக்க வேண்டும் என்று யாரும் அவருக்கு உத்தரவிடவில்லை. அவராகவே கேட்டார், பெற்றோரின் ஒப்புதலோடு வாருங்கள் என்று பதில் வந்தது. அன்று மாலையே தம் மோட்டார் சைக்கிளில் தோட்டங்களுக்குப் புறப்பட்டுவிட்டார். செம்மண் சாலையில், மழையில், லயம் லயமாக ஏறி இறங்கினார்.

கையெழுத்துப் போடத் தெரிந்த பெற்றோர் சிலரே. மற்றவர்களுக்குக் கைநாட்டுத்தான். கைநாட்டு என்றாலே லயத்தில் ஒரு பயம் உண்டு. கடன் சீட்டுக்கு வைத்தது அந்தக் கட்டைவிரல்தான். 1969ஆம் ஆண்டு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் கலங்கின, ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறினார்கள். அந்த நினைவு ஆறாத காலம் அது. சர்க்கார் தாளைக் கண்டால் நம் தாய்மார்கள் கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள். "இதிலே விரலை வச்சா புள்ளைக்கு ஏதும் வந்துடாதே வாத்தியாரே?" என்று கேட்டவர்களும் உண்டு.

ஐயா அவர்கள் அவசரப்படுத்தவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, தாளில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினார். "அம்மா, படித்துக் காட்டாத தாளில் எவன் கேட்டாலும் விரலை வைக்காதீர்கள். நான் கேட்டாலும் வைக்காதீர்கள்" என்றார். பக்கத்தில் நின்ற நாங்கள் அதைக் கேட்டோம். அவரிடம் நாங்கள் கற்ற முதல் பாடம் அதுதான். பால் கறை படிந்த விரல்கள் ஒவ்வொன்றாக அந்தத் தாளில் பதிந்தன. பதினைந்தும் நிறைய மூன்று வாரம் ஆயிற்று.

வகுப்பு கிடைத்தது, அறை கிடைக்கவில்லை. கீழ் வகுப்புகளுக்குப் பிற்பகல் பள்ளி. காலையில் எல்லா அறைகளிலும் மேல் வகுப்பு மாணவர்கள். ஆகையால் சிற்றுண்டிச் சாலையின் மூலையில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டார். தமது வேலை பிற்பகலில் தொடங்கினாலும், எங்களுக்காகக் காலையிலேயே வந்துவிடுவார். இலக்கணம் சொல்லிக் கொடுத்தார். குறள் சொல்லிக் கொடுத்தார். சங்கப் பத்திரிகையையும் கொண்டுவந்து எங்களைச் சத்தம் போட்டுப் படிக்கச் சொன்னார். ரப்பர் விலையோடு கூலி இணைக்கப்பட்டிருந்த காலம் அது. விலை ஏறினால் எவ்வளவு, இறங்கினால் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். வீட்டுக்குப் போய் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டும்படி சொல்வார். படித்துக் காட்டினோம். "இந்த மாசம் கணக்குச் சரியா இருக்கான்னு பாரு" என்று சம்பளச் சீட்டை நீட்டினார்கள். பதின்மூன்று வயதில் வீட்டில் எங்களுக்கு ஒரு மதிப்பு வந்தது என்றால், அது அந்தச் சிற்றுண்டிச் சாலை மேசையிலிருந்து வந்ததுதான்.

அந்தப் பதினைந்து பேரும் பெரிய மனிதர்களாகிவிட்டார்கள் என்று சொன்னால், ஐயாவின் இரண்டாம் நிபந்தனையை மீறியவர்களாவோம். சிலர் ஆசிரியர் ஆனோம். சிலர் கிராணி ஆனோம். சிலர் பால் வெட்டினோம். பிறகு செம்பனைக் குலை வெட்டினோம். ஆனால் ஒருவரும் படிக்காத தாளில் கையெழுத்துப் போட்டதில்லை. கூட்டு ஒப்பந்தத்தை மேடையில் நின்று தமிழில் விளக்கியவர்களும் அந்த வகுப்பிலிருந்து வந்தார்கள். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954ஆம் ஆண்டு உருவானது முதல், கிளைதோறும் வேண்டியிருந்தது இப்படிப்பட்டவர்கள்தான்: எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், படித்ததை மற்றவர்க்குச் சொல்லத் தெரிந்தவர்கள்.

தாய்மார்களே! இனி இன்றைய நிலைக்கு வருவோம். 1957ஆம் ஆண்டில் இந்நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நம் மக்கள் ஜோகூர் பாருவுக்கும் மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் பாசிர் கூடாங்குக்கும் குடிபெயர்ந்தார்கள். பெரிய பள்ளிகளில் இன்று தமிழ் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆனால், "தமிழ் எடுத்தால் எஸ்.பி.எம். தேர்வில் ஓர் 'ஏ' குறைந்துவிடும்" என்ற பேச்சு வீடுகளில் அடிபடுகிறது. அதனால் பெற்றோர் விண்ணப்பம் எழுதித் தருவதில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத தலைமுறை விரலை வைத்து வாங்கிய வகுப்பை, பட்டம் பெற்ற தலைமுறை பேனாவைத் திறக்காமல் இழக்கலாமா?

கோ. சாரங்கபாணி அவர்கள் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்க் கல்விக்காகத் "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டியபோது, நாள் கூலி வாங்கிய தொழிலாளியும் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவ்வளவு பெரிய தியாகத்தை இப்போது யாரும் உங்களிடம் கேட்கவில்லை. ஒரு கையெழுத்துக் கேட்கிறோம். அவ்வளவுதான்.

ஆசிரியர் ஐயா அவர்களே! பொன்னாடை போர்த்தினோம், மாலை அணிவித்தோம். இவை உங்கள் உழைப்புக்கு ஈடாகா என்பதை அறிவோம். ஆகவே இந்தக் கூட்டத்தில் பழைய மாணவர்கள் ஒரு தீர்மானம் செய்திருக்கிறோம். இவ்வட்டாரத்து இடைநிலைப் பள்ளிகளில் எங்கெங்கே தமிழ் வகுப்பு இல்லையோ, அங்கெல்லாம் எங்களில் இருவர் இருவராக வீடு வீடாகச் செல்வோம். விண்ணப்பத்தைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டுவோம். பதினைந்து நிறையும்வரை நடப்போம். பேரப் பிள்ளைகள் உள்ளவர்கள் தங்கள் வீட்டிலிருந்தே கணக்கைத் தொடங்குவோம். மேசை ஓரத்தில் தாளும் பேனாவும் இருக்கின்றன. கூட்டம் கலையுமுன் ஒவ்வொருவரும் பெயரைப் பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். கையெழுத்திடுமுன், அதில் எழுதியிருப்பதை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

ஐயா அவர்கள் நோயின்றி நீடு வாழ்க! தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!