நொய்யலைச் சிங்கப்பூரில் பார்த்தேன்

எதிரணியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் அன்புச் சகோதரர்களே! ஷிப்ட் முடிந்து நேராக இந்த அரங்கத்துக்கு வந்திருக்கும் திருப்பூர்ப் பெருமக்களே! வீட்டில் டி.வி. முன்னால் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

"கணவனும் மனைவியும் வெளிநாட்டுச் சுற்றுலா போவது குடும்பத்துக்கு வரவா, செலவா?" இதுதான் தலைப்பு. வரவுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு கணக்குப் போட்டார். "ரெண்டு பேர் போய்வர ரெண்டு லட்சம். அந்தக் காசுக்குப் புது மிஷின் வாங்கிப் போட்டால் அது சம்பாதித்துக் கொடுக்கும்" என்றார். அண்ணா, மிஷின் எங்க வீட்டிலும் இருக்குதுங்க. 26 வருஷமா நாங்க ரெண்டு பேரும் அந்த மிஷின் மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தோம். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்க நேரம் எங்கே இருந்தது? (சிரிப்பு)

நடுவர் அவர்களே, நான் மேடைப் பேச்சாளி இல்லை. சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிற குடும்பம். என்ற ஊட்டுக்காரர் கட்டிங் டேபிளில் நிற்பார். நான் செக்கிங்கில் உட்கார்ந்து பிசிறு வெட்டுவேன். நடுவில் ஆறு பவர் டேபிள் ஓடும். அந்தச் சத்தத்தில் அவர் கூப்பிடுவது எனக்குக் கேட்காது. நான் கூப்பிடுவதும் அவருக்குக் கேட்காது, கேட்டாலும் திரும்பமாட்டார் என்பது வேறு விஷயம்! (சிரிப்பு)

பெட்டி கட்டும்போது அதன்மேல் ஊர்ப் பெயர் எழுதும் வேலையும் சில வருஷம் செய்திருக்கிறேன். ராட்டர்டாம், ஹாம்பர்க்... வாயில் நுழையாத பெயரெல்லாம் என் கையால் எழுதியிருக்கிறேன். வருஷத்துக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிற ஊர் இது. நம்ம பனியன் போகாத தேசம் கிடையாது. ஆனால், அந்தப் பனியனைத் தைத்தவள் போன தேசம் எது? பழனி, பவானி, ரொம்பப் போனால் குருவாயூர்! (கைதட்டல்)

"இதெல்லாம் வசதி உள்ளவங்களுக்கு" என்று சொல்வீர்கள். கொச்சியில் விஜயன், மோகனா என்று ஒரு தம்பதி. ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்று சின்ன டீக்கடை. தினம் 300 ரூபாய் எடுத்து வைப்பார்கள், பற்றாததற்குக் கடன் வாங்குவார்கள், ஊர் சுற்றிவிட்டு வந்து, டீ ஆற்றி அந்தக் கடனை அடைப்பார்கள். அப்புறம் அடுத்த நாடு! இப்படி 26 நாடு பார்த்தார்கள். 2021 அக்டோபரில் ரஷ்யா போய்வந்தார்கள். நவம்பரில் விஜயன் காலமாகிவிட்டார். அந்த அம்மாவுக்கு மிஞ்சினது கடனா, 26 நாட்டு நினைப்பா? எதிரணி பதில் சொல்லட்டும்.

அவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்துவிட்டுத்தான் நானும் மாசம் பத்தாயிரம் ரூபாய்ச் சீட்டில் சேர்ந்தேன். 20 மாசம். 2023 டிசம்பரில் கோயம்புத்தூரில் விமானம் ஏறினோம். சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக். மூணு ஊர், பத்து நாள்.

சிங்கப்பூரில் ரயில்வே ஸ்டேஷனிலேயே தமிழ் எழுத்து. அங்கே ஆட்சிமொழி நான்கில் தமிழும் ஒன்று. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில், 1827-ல் நாராயண பிள்ளை என்பவர் எழுப்பியது. கும்பிட்டோம், போட்டோ எடுத்தோம். அதெல்லாம் எல்லோரும் செய்வதுதான். நான் சொல்ல வந்தது படகுச் சவாரி.

ராத்திரி நேரம். சிங்கப்பூர் ஆற்றில் படகு போகிறது. ரெண்டு கரையிலும் விளக்கு. வழிகாட்டியாக வந்தது அந்த ஊர்த் தமிழ்ப் பொண்ணு. "அங்கிள், ஒரு காலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஆற்றைத் தாண்ட வேண்டும்" என்றது. கரையெல்லாம் கடைக் கழிவு. மேல்பக்கம் பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை. சரக்குப் படகு எண்ணெய் வேறு. 1977-ல் பிரதமர் லீ குவான் யூ பத்து வருஷம் கெடு வைத்தார். பண்ணைகளை எடுத்தார்கள். தெருவோரக் கடைக்காரர்களை விரட்டிவிடாமல், குழாயும் சாக்கடை வசதியும் உள்ள கட்டடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். சரக்குப் படகுகளை வேறு துறைக்கு மாற்றினார்கள். 1987-ல் வேலை முடிந்தது. அதோடு விட்டார்களா? 2008-ல் முகத்துவாரத்தில் தடுப்பணை கட்டி, கடல் தண்ணீர் உள்ளே வராமல் நிறுத்தி, அந்த இடத்தையே நல்ல தண்ணீர் ஏரி ஆக்கிவிட்டார்கள். "நாம இப்ப போறது குடிதண்ணீர் மேலதான் அங்கிள்" என்றது அந்தப் பொண்ணு.

என்ற ஊட்டுக்காரர் பேச்சையே காணோம். ஆளுக்கு வயிறு சரியில்லையோ என்று பார்க்கிறேன், தண்ணீரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார். அப்புறம் மெதுவாச் சொன்னார்: "ஏம்புள்ள, நான் நீச்சல் பழகினது நொய்யல்ல."

நடுவர் அவர்களே, எனக்குத் தாராபுரம் பக்கம், அமராவதித் தண்ணி. 1997-ல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். நான் வந்தபோது நொய்யலில் ஓடினது சாயம். இன்றைக்கு எந்தக் கலர் ஆர்டர் ஓடுகிறது என்று ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று கேலி பேசுவார்கள். அதில் ஒருத்தர் நீச்சல் அடித்திருப்பார் என்று நான் நினைத்தும் பார்த்ததில்லை. அவரும் சொன்னதில்லை. எந்தத் துறையில் குதிப்பார்கள், யார் முதலில் அக்கரை தொடுவார்கள், ஈரத் துணியோடு வீட்டுக்குப் போய் அவங்க அப்பாகிட்ட எத்தனை அடி வாங்குவார் என்று அன்றைக்கு ராத்திரி பூராவும் சொன்னார். 26 வருஷமா ஒரே கூரைக்குக் கீழ் இருந்த மனுஷனுக்கு இப்படி ஒரு சின்ன வயசு இருந்தது எனக்குத் தெரிய, சிங்கப்பூர் ஆறு வேண்டியிருந்ததுங்க! (பலத்த கைதட்டல்)

ஆனால், "பாரு, அவன் ஊரு எப்படி, நம்ம ஊரு எப்படி" என்று பெருமூச்சு விடுகிற ஆள் நான் இல்லை. நம்ம ஊர் பட்டதும் கொஞ்சமில்லை. 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டி ஆனது. கீழ்மடை விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. துணியை வெளி மாநிலத்துக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினார்கள். எத்தனை வீட்டில் உலை கொதிக்காமல் இருந்தது என்று இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம், சொட்டுக் கழிவுகூட வெளியே விடாமல் சுத்தம் பண்ணுகிற முறைக்கு வந்தோம். தண்ணீரைச் சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டுவது, மிச்சத்தைக் காய்ச்சி உப்பைத் தனியாகப் பிரிப்பது, அந்தத் தண்ணீரையே மறுபடி சாயத்துக்கு எடுப்பது. செலவு பிடித்த வேலை. சிங்கப்பூர்க்காரர்கள் 2003-ல் 'நியூவாட்டர்' என்று ஆரம்பித்ததும் இந்தச் சவ்வு முறையில்தான். அவர்கள் வடிகட்டுவது வீட்டுக் கழிவுநீர், நாம் வடிகட்டுவது சாயத் தண்ணீர். அந்தப் பொண்ணு அதைப் பெருமையாக விளக்க ஆரம்பித்ததும் இவர், "கண்ணு, இது எங்க ஊர்லயும் இருக்குது" என்றார் பாருங்கள்! பத்து நாள் பயணத்திலேயே அவர் நெஞ்சு நிமிர்ந்த இடம் அதுதான். நொய்யல் இன்னும் குளிக்கிற ஆறாக ஆகிவிடவில்லை. அது வேறு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அங்கிருந்து மலேசியாவுக்குப் பஸ். ஜோகூர்ப் பாலத்தில் போகும்போது ரோட்டோரமாகவே பெரிய பெரிய தண்ணீர்க் குழாய். இத்தனை செய்தும் சிங்கப்பூருக்கு இன்னும் மலேசியாத் தண்ணீர் வேண்டியிருக்கிறது. 1962-ல் போட்ட ஒப்பந்தம், 2061 வரைக்கும் இருக்கிறது. "பக்கத்து ஊரான்கிட்டத் தண்ணி வாங்குறவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்" என்றார் இவர்.

வழி நெடுகப் பனைபோல எண்ணெய்ப் பனைத் தோட்டம். அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்துக்கு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினதும் நம்ம ஜனம்தான். அவர்களிலும் புருஷன் பொஞ்சாதியாகப் போனவர்கள் உண்டு. ரிட்டர்ன் டிக்கெட் எடுத்தா போனார்கள்? அந்த ரோட்டில் ஏ.சி. பஸ்ஸில் சாய்ந்துகொண்டு போக எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரம். 88 மாடி, 452 மீட்டர். 1998-லிருந்து 2004 வரைக்கும் உலகத்திலேயே உயரமான கட்டடம் அது. ரெண்டு கோபுரத்துக்கும் நடுவில், தரையிலிருந்து 170 மீட்டர் உயரத்தில் ஒரு பாலம். திருப்பூர் வீதியில் என்னை விட்டு நாலடி முன்னால் நடக்கிற மனுஷன், அந்தப் பாலத்தில் கீழே குனிந்து பார்த்ததும் படக்கென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பாசம் என்று நான் நினைத்தேன். பயமாம்! (சிரிப்பு) எதுவாக இருந்தால் என்ன, பத்துமலையில் 272 படி ஏறி முருகனைக் கும்பிட்டு இறங்குகிற வரைக்கும் அந்தக் கையை நான் விடவில்லை. (கைதட்டல்)

பாங்காக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிரதுநாம் சந்தைக்குப் போனோம், துணிக்கடல். எல்லோரும் பனியனை எடுத்து விலை பார்க்கிறார்கள். நாங்கள் ரெண்டு பேரும் உள்பக்கம் திருப்பித் தையல் பார்க்கிறோம். கடைக்காரப் பொண்ணு நாங்கள் ஏதோ கோர்ட் அதிகாரிகள் என்று பயந்துவிட்டது!

நடுவர் அவர்களே, எங்க வீதியில் ஒரு அண்ணனும் அக்காவும். "பொண்ணு கல்யாணம் முடியட்டும்", "வீட்டுக் கடன் தீரட்டும்", "பேரன் பிறக்கட்டும்". பாஸ்போர்ட் மட்டும் எடுத்து பீரோவில் வைத்திருந்தார்கள். எல்லாம் முடிந்தது, அக்காவும் முடிந்துபோனது. அந்த அண்ணன் ஒரு நாள் அக்காவோட பாஸ்போர்ட்டை எடுத்து எனக்குக் காட்டினார். ஒரு பக்கத்திலும் முத்திரை இல்லை. அதில் இருந்த போட்டோதான் அக்கா கடைசியாக ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டது. எதிரணி நண்பர்களே, மிச்சம் பிடித்த அந்த ரெண்டு லட்சத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்? வரவிலா, செலவிலா?

ஊருக்கு வந்த மறு ஞாயிற்றுக்கிழமை, இவர் என்னை வண்டியில் உட்கார வைத்து நொய்யல் கரைக்குக் கூட்டிப்போனார். முள்ளை விலக்கிக்கொண்டு ஒரு இடத்தில் நின்று காட்டினார். குதித்த துறை. நாலு கருங்கல் படி மட்டும் மிச்சம் இருக்கிறது. கீழே நாற்றம்தான். அவர் முதல் படியில் உட்கார்ந்தார், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அடுத்த சீட்டு தை மாசம் ஆரம்பிக்குதுங்க. இந்தத் தடவை அவரே முன்பணம் கட்டிவிட்டார்.